டீலக்ஸ் ரூம்

செங்கம் ரோட்டை ஒட்டிய எங்கள் வீட்டில் இரண்டு அறைகளை வெளியூர்க்காரர்களுக்கு வாடகைக்கு விட்டிருந்தோம். பக்கத்துத் தெருவில் புதிதாக வந்த விடுதியின் பலகையில் 'டீலக்ஸ்' என்று பார்த்த நாளிலிருந்து என் கணவருக்கு வேறு நினைப்பே இல்லை. மொட்டை மாடியில் கண்ணாடிக் கதவு வைத்த அறை, பளிங்குத் தரை, மலையைப் பார்த்தபடி வெளியே நீண்ட பால்கனி. கட்டி முடித்ததும் அந்த வார்த்தையைக் கதவில் பொன்னெழுத்தில் ஒட்டினார். கீழே தங்கியிருந்த பிரான்ஸ் நாட்டு அம்மா அதைப் படித்துவிட்டு, அது தங்கள் மொழி வார்த்தை என்று சொன்னார். என் கணவருக்குப் பெருமை பிடிபடவில்லை.

ஐப்பசி மழை பிடித்துக்கொண்டது. கீழே துணி காயப்போடும்போது பால்கனியின் அடியில் மயிரிழை போல ஒரு கோடு பார்த்தேன்.

"என்னங்க, விரிசல் விட்டிருக்கு."

"பூச்சு வெடிப்பு. புது கட்டடம்னா அப்படித்தான்."

பூசி வெள்ளையடித்தார். அடுத்த மழையில் அதே இடத்தில், இன்னும் நீளமாக வந்தது. கீழே நடந்தால் தோளில் சிமெண்ட் தூள் விழும். அறையைப் பெருக்கப் போனாலும் பால்கனியில் கால் வைக்க மாட்டேன்.

தீபத்துக்குச் சென்னையிலிருந்து ஒரு பெரிய குடும்பம் அந்த அறைக்கு வந்தது.

"அவங்கள வெளிய நிக்க விடாதீங்க."

"பால்கனிக்குன்னுதான் வந்திருக்காங்க. நீ ஜாஸ்தி பேசாத."

சாயங்காலம் வாசலில் அகல் ஏற்றிக்கொண்டிருந்தேன். மேலே பால்கனியில் இவர் அவர்களுக்கு நாற்காலிகள் இழுத்துப் போடும் சத்தம். உள்ளங்கை அகலத்துக்கு ஒரு காரைத் துண்டு என் எதிரில் விழுந்து உடைந்தது. படியேறி ஓடினேன். விரிசல் என்றால் இவர் வாதாடுவார், அவர்கள் எட்டிப் பார்ப்பார்கள். நேரமில்லை.

"பாம்பு! நாற்காலிக்கடியில பாம்பு!"

அலறிக்கொண்டு எல்லோரும் அறைக்குள் பாய்ந்தார்கள். இவர் மட்டும் கையில் கிடைத்த தடியோடு, "எங்க?" என்று மறுபடி பால்கனிக் கதவைத் தாண்டப் போனார். சட்டையைப் பிடித்து இழுத்தேன். இருவரும் பளிங்கில் விழுந்தோம். அதே சமயம் பால்கனி நாற்காலிகளோடு கீழே போனது.

மலையில் தீபம் ஏற்றிவிட்டார்கள். ஊரே "அரோகரா" என்று முழங்கியதில் அக்கம்பக்கத்தில் யாருக்கும் அந்தச் சத்தம் கேட்கவில்லை. கதவுக்கு வெளியே வெறும் இருட்டு. கீழிருந்து புழுதி எழும்பி அறைக்குள் வந்தது.

"விடு," என்றார் அவர். அவர் சட்டையைப் பிடித்திருந்த என் விரல்களைப் பிரிக்க முடியவில்லை. அவர்தான் ஒவ்வொன்றாகப் பிரித்தார்.