ஈஸ்வரனுக்கு வாசித்தவர்

திண்டுக்கல்லில் ஒரு தோல் தொழிற்சாலையின் ஆய்வகத்தில் கழிவுநீரைச் சோதிப்பது பிரிஸ்கில்லாவின் வேலை. ஞாயிறு பூசை முடிந்து வந்ததும் சத்தம் விழக்கூடாதென்று மின்விசிறியை நிறுத்திவிட்டு, வேர்க்க விறுவிறுக்க, போனில் பாடம் வாசித்துப் பதிவு செய்வார். கேட்பவன் பாலசமுத்திரத்து ஈஸ்வரன். பார்வையில்லாதவன். வரலாறு முடித்துவிட்டு, இப்போது தபால் வழியில் மெய்யியல் எம்.ஏ. படிக்கிறான். மங்கலான ஜெராக்ஸ் தாள்களைப் போனிலுள்ள வாசித்துக்காட்டும் செயலி கடித்துக் குதறிவிடும். பிரிஸ்கில்லாவின் குரல்தான் அவனுக்குப் புத்தகம்.

வெறுமனே வாசித்துக்கொண்டு போக அந்த அம்மாவுக்கு மனசு வராது. கடினமான ஆங்கிலச் சொல் வந்தால் நின்று விளக்குவார். 'தெரியாது' என்று மட்டும் வாயில் வந்ததே இல்லை. வேதியியலில் முதல் வகுப்பு ஆயிற்றே! 'ஸ்டோயிக்' என்ற சொல்லைப் பார்த்ததும் கல்லூரியில் படித்த 'ஸ்டாய்க்கியோமெட்ரி' நினைவுக்கு வந்தது. வேதிவினையில் எந்தப் பொருள் எவ்வளவு சேரும் என்கிற கணக்கு அது. ஆகவே, ஸ்டோயிக் என்றால் எதையும் அளந்து வாழ்பவர் என்று அடித்துச் சொல்லிவிட்டார்.

ஈஸ்வரன் அதை அப்படியே நேர்முக வகுப்பில் ஒப்பித்தான். கொல்லென்று சிரித்தார்கள். தம் கையில் இல்லாததற்குக் கலங்காமல் அறவழியில் நிற்பவர்களே ஸ்டோயிக்குகள், கணக்குக்கும் அவர்களுக்கும் ஒட்டும் இல்லை உறவும் இல்லை என்று ஆசிரியர் திருத்தினார்.

விஷயம் தெரிந்ததும் பிரிஸ்கில்லா குன்றிப்போனார். பரீட்சைக்கு ஒரு மாதம்கூட இல்லை. தன்னால் அந்தப் பிள்ளை தோற்றுவிட்டால்? உடனே அவனுக்குப் போன் போட்டார்.

"அப்பு, வேற ஆளப் பாத்துக்க. வாசிக்கிறேன்னு ஒன்னயக் கெடுத்துப்புட்டேன்."

"ஏனுங்க அக்கா இப்படிச் சொல்றீங்க? மத்தவங்க கடகடன்னு வாசிச்சுட்டுப் போயிருவாங்க. எனக்குப் புரியணும்னு நிக்கிறது நீங்க ஒருத்தருதானுங்க. தெரியலைன்னா தெரியலைன்னு சொல்லிட்டு வாசிங்க, போதும்."

அடுத்த ஞாயிறு 'என்டெலகி' என்ற சொல் வழிமறித்தது. வெப்பக் கணக்கில் வரும் 'என்தால்பி' நாக்கு நுனிவரை வந்துவிட்டது. பாவம், கஷ்டப்பட்டு விழுங்கினார்.

"ஈஸ்வரா, இதுக்கு அர்த்தம் எனக்குத் தெரியல."

பதிவை அனுப்பிய பிறகு அவருக்கே ஆச்சரியம். வானம் ஒன்றும் இடிந்து விழவில்லை, மனசு லேசாகத்தான் இருந்தது. சற்று நேரத்தில் அவன் குரல் வந்தது.

"அது எனக்குத் தெரியுமுங்க அக்கா. புளியங்கொட்டை வளந்து முழு மரமா நிக்குதில்லீங்க, அந்த நிறைவுதானுங்க. எழுதி வச்சுக்குங்க. மேல வாசிங்க, கேக்குறேன்."