மன்னார்ப் பெயர் பெற்ற கல்

1926 மார்ச் 9, செவ்வாய்க்கிழமை. காலை ஏழேகால். காற்று இல்லை. மன்னார்ப் பள்ளிமுனைக் கடல் அசையாமல் கிடந்தது. வெயில் அப்போதே முதுகைச் சுட்டது. என் கிணற்றடியில் நான்கு பேர் மூன்றாவது குழியைத் தோண்டிக்கொண்டிருந்தார்கள்.

நான் நின்று கால் கழுவும் கல்லில் நெல்மணிகள் போல ஏதோ பதிந்திருந்தது. அதில் ஒரு துண்டை உடைத்துக் கொழும்பிலிருந்த வெள்ளைக்கார ஆய்வாளர் ஒருவருக்கு அனுப்பியிருந்தேன். பேர்மியன் என்னும் மிகப் பழைய காலத்துக் கடலில் வாழ்ந்த, ஒரே கலமுள்ள உயிர்களின் ஓடுகள் என்றார். எவரும் விவரிக்காத புது இனம். அவர் மெலிதாகத் தேய்த்துக் கொடுத்த துண்டுகளைப் பூதக்கண்ணாடியில் பார்த்து வரைந்தவன் நான். கச்சேரியில், அதாவது அரசாங்க அலுவலகத்தில், நிலப்படம் வரைவது என் வேலை. நூற்றுப்பன்னிரண்டு ஓடுகள் எண்ணினேன். எழுபத்தொன்றில் உள்ளே சுருளாக ஏழு சுற்று, நாற்பத்தொன்றில் ஆறு. படத்தின் கீழே, கிடைத்த இடம்: மன்னார் என்று எழுதினேன். இனத்துக்கும் மன்னாரின் பெயரையே வைத்தார். சனிக்கிழமைத் தபாலில் கட்டுரை சீமைக்குப் போகவிருந்தது. அதன் கடைசி வரியில் என் பெயரும் இருந்தது. அந்தக் கல்லின் பாறை இங்கே எவ்வளவு ஆழத்தில் கிடக்கிறது என்று பார்க்கத்தான் அவர் வந்திருந்தார்.

பக்கத்து ஊரான தாராபுரத்துத் தோணிக்காரர், என் பழைய சிநேகிதர், வேலியால் எட்டிப் பார்த்தார்.

"என்ன கிளாக்கர் ஐயா, கிணறு ஒண்டு காணாதோ?"

விஷயத்தைச் சொல்லிக் கல்லைக் காட்டினேன். வயிற்றைப் பிடித்துக்கொண்டு சிரித்தார்.

"இது எங்கட வாப்பாட தோணியில வந்த கல்லெல்லோ! மஸ்கத்தில பேரீச்சம்பழம் அரைவாசிதான் கிடைச்சுது. தோணி சரியாம இருக்க அடியில கல்லுப் போட்டுக் கொண்டுவந்து இந்தக் கரையில கொட்டினவர். உங்கட அப்புதான் தூக்கிக்கொண்டு போனவர். நீங்க அதுக்கு மன்னாரில பிறந்ததெண்டு பிறப்புச் சாட்சி எழுதிப்போட்டியளோ?"

"என்ன சொல்கிறார்?" என்று ஆய்வாளர் ஆங்கிலத்தில் கேட்டார். குடையைச் சரித்து என் முகத்தையே பார்த்தார்.

"இன்னும் ஆழமாகத் தோண்டச் சொல்கிறார்" என்றேன்.

தோண்டினோம். பல மைல் தள்ளி வெள்ளாங்குளம் வரைக்கும் இருபத்துமூன்று குழிகள். அந்த நெல்மணி ஒன்றுகூட அகப்படவில்லை. இரண்டு வருடம் கழித்து வேறொரு நிபுணர், மன்னாரில் அப்படியொரு பாறையே கிடையாது, கண்டுபிடித்தவர் கற்களை மாற்றிக் குழப்பிவிட்டார் என்று அச்சில் எழுதினார். ஆய்வாளர் என்னிடம் ஒரே வரியில் கேட்டார்: கல் உங்கள் கிணற்றடியில்தானே கிடந்தது? ஓம் என்று பதில் போட்டேன். அந்த வரியில் பொய் இல்லை. அதனால்தான் அன்று கிணற்றடியில் சொன்ன பொய்யைவிட அது அதிகம் உறுத்துகிறது.

உண்மையை ஆய்வாளருக்கு எழுதப் பத்தொன்பது வருடம் எடுத்தேன். நான்கு பக்கம், தோணிக்காரர் சொன்னதை அப்படியே எழுதினேன். கடிதம் பிரிக்கப்படாமல் திரும்பி வந்தது. பெறவேண்டியவர் இறந்துவிட்டார் என்று உறையில் யாரோ சிவப்பு மையால் எழுதியிருந்தார்கள். அந்த இனம் அச்சில் இன்னும் மன்னார்ப் பெயரோடுதான் இருக்கிறது.

அந்தக் கடிதத்துக்குத் தபால் முத்திரைச் செலவு ஆறு சதம்.