பிள்ளை பேசட்டும்

எங்கள் கால்நடை மருத்துவப் பல்கலைக்கழகத்தின் சேர்க்கைப் பிரிவில் எனக்கு எதிர் மேசையில் இருப்பவளுக்குப் 'பிள்ளை பேசட்டும்' என்று பெயர். பெற்றவர்கள் வைத்த பெயர் வேறு. இது அலுவலகத்தில் வைத்தது. முதுகுக்குப் பின்னால்தான் சொல்வோம், ஆனாலும் அவளுக்குத் தெரிந்துவிட்டது. "யாருண்ணே இந்தப் பேரை வச்சது? உண்மையைச் சொல்லுங்க" என்று ஒருநாள் இடுப்பில் கையை வைத்துக்கொண்டு என் முன்னால் வந்து நின்றாள். "நான்தான் வச்சேன், இப்ப என்ன அதுக்கு?" என்றேன். "நல்லாத்தான் இருக்கு" என்று சொல்லிவிட்டுப் போய்விட்டாள். அவளோடு சண்டை போடுவது அவ்வளவு சுலபமில்லை.

என் வேலை சான்றிதழ் சரிபார்ப்பது. மற்ற எல்லாம் அவள் வேலை. பள்ளித் தேர்வு முடிவு வந்துவிட்டால் போதும், ஃபோன் ஓயாது. நானாக இருந்தால் இரண்டாவது ஃபோனிலேயே எரிந்து விழுந்திருப்பேன். அவள் ரிசீவரைக் காதுக்கும் தோளுக்கும் நடுவே இடுக்கிக்கொண்டு, கையால் வேறு ஏதோ எழுதிக்கொண்டே, அலுக்காமல் சொல்வாள். "கால்நடை மருத்துவம்னா உயிரியல் கண்டிப்பா படிச்சிருக்கணும்மா. இயற்பியல், வேதியியலும் வேணும். அஞ்சரை வருஷம், அதுல கடைசி வருஷம் ஆஸ்பத்திரியிலயே பயிற்சி. என்னது, கணக்கு படிச்ச பிள்ளையா? அப்ப பால்வளத் தொழில்நுட்பம் இருக்கு, கோழியினத் தொழில்நுட்பம் இருக்கு, உணவுத் தொழில்நுட்பம் இருக்கு. நாலு வருஷம்."

கேட்பவர்கள் கேட்கிற கேள்வி இருக்கிறதே, அப்பப்பா! நாய் பூனைக்கு மட்டும் டாக்டராக முடியுமா, எங்கள் பெண்ணுக்கு மாட்டு வாடை ஆகாது என்பார் ஒருவர். வீட்டில் பையன் கிளி வளர்க்கிறான், அதற்குத் தனியாக மார்க் உண்டா என்பார் இன்னொருவர். "கிளிக்கு வேணும்னா போடலாம் சார், பையனுக்குப் போட முடியாது" என்று சிரிக்காமல் பதில் சொல்வாள். அந்தப் பக்கத்து ஆளும் சரி மேடம் என்று வைத்துவிடுவார்.

இத்தனை பேரை விலங்கு வைத்தியத்துக்கு அனுப்புகிற புண்ணியவதிக்கு நாய் என்றால் உயிர் போய்விடும். எங்கள் கட்டடத்துக்குப் பக்கத்திலேயே விலங்கு மருத்துவமனை. காலில் கட்டுப் போட்டு, கழுத்தில் புனல் மாட்டி, நடக்கவே முடியாமல் படுத்திருக்கிற நாயைப் பார்த்தாலும் சுற்றிக்கொண்டுதான் வருவாள். "அது எந்திரிக்கவே முடியாம கிடக்கும்மா" என்பேன். "அது உங்களுக்குத் தெரியும், எனக்கும் தெரியும். அதுக்குத் தெரியணுமே" என்பாள்.

பட்டப்பெயர் வந்தது கலந்தாய்வுக் கூடத்தில். ரேங்க் வரிசைப்படி பிள்ளைகளைக் கூப்பிடுவோம். சுவரில் இருக்கும் பெரிய திரையில் எந்தப் படிப்பில் எத்தனை இடம் மிச்சம் என்று தெரியும். கூப்பிட்டதும் வந்து அவள் மேசைக்கு முன்னால் உட்கார்ந்து எது வேண்டும் என்று சொல்ல வேண்டும். இடம் அங்கேயே பதிவாகிவிடும். சாயங்காலம் கூடத்தை மூடும்வரை மாற்றிக்கொள்ளலாம், அதற்குப் பிறகு தலைகீழாக நின்றாலும் முடியாது. இதில் அவள் ஒரு சட்டம் வைத்திருந்தாள். எந்தப் புத்தகத்திலும் இல்லாத சட்டம். படிப்பின் பெயரைப் பிள்ளைதான் சொல்ல வேண்டும். அப்பா சொன்னால் எழுதமாட்டாள். அம்மா சொன்னாலும் எழுதமாட்டாள். "பிள்ளை பேசட்டும்" என்று பேனாவை மூடி வைத்துவிடுவாள். பிள்ளை திரும்பித் திரும்பிப் பின்னால் பார்த்தால், பெற்றவர்களை எழுப்பி வராந்தாவுக்கு அனுப்பிவிடுவாள்.

ஒருமுறை ஓர் அப்பா எகிறினார். "பணம் கட்டப்போறது நானு!"

"கட்டுங்க சார். மாட்டுக்குப் பிரசவம் பார்க்கப்போறது நீங்க இல்லையே? வெளியில ஃபேன் இருக்கு, போய் உக்காருங்க."

அவளுக்கு இந்தப் பிடிவாதம் சும்மா வரவில்லை. முன்பு ஒரு பையன் இரண்டாம் வருடம் பாதியில் சான்றிதழைத் திரும்ப வாங்க வந்தான். ரத்தத்தைப் பார்த்தால் மயக்கம் வருகிறதாம், அறுவைக்கூடத்தில் விழுந்து நெற்றியில் அடி. "அப்புறம் ஏன்ப்பா இதை எடுத்தே?" என்று கேட்டாள். "நான் எங்க எடுத்தேன் மேடம்? அப்பா சொன்னாரு, நீங்க எழுதிக்கிட்டீங்க" என்றான். கோபமாகக்கூடச் சொல்லவில்லை அந்தப் பையன். அன்று மதியம் டிபன் பாக்ஸைத் திறந்து, அப்படியே மூடி வைத்துவிட்டாள். அடுத்த வருடத்திலிருந்து இந்தச் சட்டம்.

அவளுக்கு ஒரே மகள். வீட்டுக்காரர் வேன் ஓட்டுபவர், வாயைத் திறக்கவே யோசிக்கிற மனுஷன். மகளும் அப்பாவை உரித்து வைத்தாற்போல. அலுவலகத்துக்கு வந்தால் "மாமா", போகும்போது "வரேன் மாமா", அவ்வளவுதான் நான் கேட்ட பேச்சு. அந்த வீட்டில் மூன்று பேருக்கும் சேர்த்து இவள் ஒருத்தியே பேசிவிடுவாள் போலிருக்கிறது.

மகள் கால்நடை மருத்துவராவாள் என்று எங்கள் எல்லோரிடமும் சொல்லி வைத்திருந்தாள். பிரிவின் ஜன்னல் வழியாகத் தினமும் வெள்ளைக் கோட்டு போட்ட பிள்ளைகள் மருத்துவமனைக்குப் போவார்கள். அதைப் பார்த்துக்கொண்டே, "அண்ணே, அதுல ஒரு கோட்டு என் வீட்டுக் கொடியில காயணும். நானே துவைச்சுப் போடுவேன்" என்பாள். எனக்கே ஆசையாக இருக்கும். தன் பள்ளிக் காலத்தில் அவள் எடுத்தது வணிகவியல். அறிவியல் பக்கம் போகாததால் இந்தக் கட்டடத்துக்குள் குமாஸ்தாவாகத்தான் நுழைய முடிந்தது என்ற ஏக்கம் அவளுக்கு உண்டு. மகளை உயிரியல், கணக்கு இரண்டும் படிக்க வைத்தாள். பெண்ணும் நல்ல ரேங்க் வாங்கிவிட்டது. கால்நடை மருத்துவம் நிச்சயம் கிடைக்கிற ரேங்க். எங்கள் பிரிவுக்கே வாய் கொள்ளாத சிரிப்பு.

சொந்தக்காரப் பிள்ளை வரும்போது அந்த மேசையில் இருக்கக் கூடாது என்று அவளாகவே மேலிடத்தில் போய்ச் சொல்லிவிட்டாள். அதனால் கலந்தாய்வு அன்று அவள் நாற்காலியில் என்னை உட்கார வைத்தார்கள். மகள் எனக்கு முன்னால். அம்மாக்காரி பின்னால், பெற்றவர்கள் உட்காரும் நாற்காலியில். வீட்டுக்காரர் வேனோடு எங்கோ சவாரி போயிருந்தார்.

"என்ன சார், எங்களை அடையாளம் தெரியுதா?" என்றாள் கிண்டலாக.

"சும்மா இரும்மா" என்று சொல்லிவிட்டுப் பெண்ணைக் கேட்டேன். "எந்தப் படிப்பு வேணும்?"

"கால்நடை மருத்..." என்று பின்னாலிருந்து குரல் வந்தது.

"பிள்ளை பேசட்டும்" என்றேன்.

கூடத்தில் இருந்த எங்கள் ஆட்கள் எல்லாம் கொல்லென்று சிரித்துவிட்டார்கள். அவளும் நாக்கைக் கடித்துக்கொண்டு சிரித்தாள். பெண் மட்டும் சிரிக்கவில்லை. திரையைப் பார்த்தது, என்னைப் பார்த்தது, திரும்பி அம்மாவைப் பார்த்தது. பிறகு மெதுவாக, "அம்மாவே சொல்லட்டும் மாமா" என்றது.

"இங்க மாமா கிடையாது. நீதான் சொல்லணும்."

மறுபடி திரும்பி அம்மாவைப் பார்த்தது. இந்த இடத்தில் நான் அவளை எழுப்பி வெளியே அனுப்பியிருக்க வேண்டும். யாராக இருந்தாலும் அனுப்பியிருப்பேன், குரலையும் உயர்த்தியிருப்பேன். ஆனால் அவளிடம் எனக்கு வாய் வரவில்லை. அவள் மகளின் முகத்தையே பார்த்துக்கொண்டிருந்தாள். சிரிப்பு போய்விட்டிருந்தது. அவள் ஒரு வார்த்தை சொன்னால் போதும், அந்தப் பெண் அதைத் திருப்பிச் சொல்லிவிடும், நானும் எழுதிவிடுவேன். ஆசைப்பட்டது கைக்கெட்டும் தூரத்தில் இருந்தது.

அவள் எழுந்தாள். கைப்பையை எடுத்துக்கொண்டு, "நான் வராந்தாவுல இருக்கேன்" என்று யாரையும் பார்க்காமல் சொல்லிவிட்டு வெளியே போனாள்.

கதவு மூடியதும் பெண் கேட்டது. "அம்மா கோச்சுக்குவாங்களா மாமா?"

"அது எனக்குத் தெரியாதும்மா. உனக்கு எது வேணும்னு சொல்லு."

"பால்வளம்."

எனக்குத் தூக்கிவாரிப் போட்டது. "நிச்சயமாவா?"

"நிச்சயமா மாமா. வாயில்லா ஜீவன் வலியில கத்துறதை என்னால கேக்க முடியாது. இந்த ஆஸ்பத்திரி பக்கம் வந்தா காதைப் பொத்திக்கிட்டுதான் நடப்பேன். பால்னா பிடிக்கும். அது எப்படித் தயிராகுது, ஏன் ஒருநாள் புளிக்குது, ஏன் ஒருநாள் புளிக்கலைன்னு வீட்டுல சின்னச் சின்னக் கிண்ணத்துல வச்சுப் பார்ப்பேன்."

"இதை அம்மாகிட்ட சொல்றதுக்கு என்ன?"

"அம்மா கேட்டதே இல்லையே மாமா."

அடிப்பாவி, ஊர்ப் பிள்ளைகளை எல்லாம் கேட்டாயே என்று எனக்கு மனசு கனத்துப்போனது. அவள் மேல் கோபம் வந்தது. பாவமாகவும் இருந்தது. பால்வளத் தொழில்நுட்பம் என்று பதிவு செய்து, ஒதுக்கீட்டுச் சீட்டைக் கையில் கொடுத்தேன். அடுத்த பிள்ளையைக் கொஞ்சம் இரு என்று சொல்லிவிட்டு, நானும் பின்னாலேயே கதவு வரை போனேன். தனியாக அனுப்ப மனம் கேட்கவில்லை.

அவள் வராந்தாத் தூணில் சாய்ந்து நின்றுகொண்டிருந்தாள்.

"பால்வளம் எடுத்துட்டேன்மா" என்றது பெண்.

எதையாவது பேசிக்கொண்டே இருக்கிறவள் உதட்டை அழுத்திக்கொண்டு நின்றாள். கண் நிறைந்து, கன்னத்தில் வழிந்தது. புடவைத் தலைப்பால் துடைக்கத் துடைக்க வந்துகொண்டே இருந்தது.

"அழாதம்மா. சாயங்காலம் வரைக்கும் நேரம் இருக்கு. நான் போய் மாத்திட்டு வந்துடறேன்" என்று பெண் திரும்பி நடந்தது.

அவள் எட்டி மகளின் கையைப் பிடித்தாள்.

"நில்லுடி. எனக்கு வருத்தமா இருக்கு, பொய் சொல்லமாட்டேன். ரொம்ப வருத்தமா இருக்கு. நாலு நாளைக்கு உன்கிட்ட முகம் கொடுத்துக்கூடப் பேசமாட்டேன்னு நினைக்கிறேன். அதைப் பார்த்து நீ மாத்திடாதே, என்ன?"

பெண் தலையை ஆட்டியது.

அவள் மூக்கை உறிஞ்சிக்கொண்டு, வராந்தாப் பெஞ்சில் உட்கார்ந்து, மகளையும் பக்கத்தில் இழுத்து உட்கார வைத்தாள். "ஏன் பால்வளம்? எனக்குச் சொல்லு" என்றாள்.

பெண் முதலில் தயங்கியது. அப்புறம் தயிர்க் கிண்ணத்திலிருந்து ஆரம்பித்தது. நான் கதவைச் சாத்திவிட்டு உள்ளே வந்து அடுத்த ரேங்க்கைக் கூப்பிட்டேன். அந்த அப்பா அம்மாவை அனுப்பி, அவர்கள் பிள்ளையைக் கேட்டு எழுதி, அதற்கடுத்த பிள்ளையையும் கேட்டு எழுதி முடித்தும், வராந்தாவில் அந்தப் பெண்ணின் குரல்தான் கேட்டுக்கொண்டிருந்தது. அவள் குறுக்கே ஒரு வார்த்தை பேசவில்லை.