அப்பா வாய் திறந்த வியாழக்கிழமை

என் பெயர் கிருபா. சேலையூரில் ஒரு பள்ளியில் கணக்கு டீச்சர். ஆண்டவர் எனக்குச் செய்ததைச் சொல்ல வேண்டுமென்றால், முதலில் என் வீட்டார் செய்ததைச் சொல்லியாக வேண்டும். அதனால்தான் சபை முன் சொல்லவேண்டிய இந்தச் சாட்சியை இத்தனை மாதம் தள்ளிப்போட்டேன். பொறுத்துக்கொண்டு கேளுங்கள்.

அம்மா இறந்த மறுவருடம் அப்பாவுக்கு இரண்டு கிட்னியும் போய்விட்டன. செவ்வாய், வியாழன், சனி என்று வாரத்துக்கு மூன்று நாள் டயாலிசிஸ். காலை ஆறு மணிக்குத் தாம்பரத்தில் இருக்கும் சென்டரில் அவரைப் படுக்க வைத்துவிட்டுப் பள்ளிக்கு ஓடுவேன். பத்தரைக்கு அனுமதி வாங்கிக்கொண்டு திரும்ப வந்து அழைத்துப் போவேன். எனக்குக் கூடப் பிறந்தவர்கள் இல்லை. நீண்ட ஜெபம் பண்ணத் தெம்பும் இல்லை. "ஆண்டவரே, இன்னிக்கு ஒரு நாள்" என்பேன். அவ்வளவுதான் என் ஜெபம்.

அந்த சென்டரில் டெக்னீஷியன் மோகன். ஊரப்பாக்கத்திலிருந்து ரயிலில் வருவார். அப்பாவின் கையில் ஊசி ஏற்றுவது அவர்தான். வேறு யார் குத்தினாலும் அப்பா கத்துவார். ஊசி போட்டுவிட்டு மோகன் என் பக்கம் திரும்பி, "டிபன் சாப்டீங்களா டீச்சர்?" என்பார். முப்பத்துநான்கு வயதில் அப்படி என்னை யாரும் கேட்டதில்லை. ஒன்றரை வருடம் இப்படியே போனது. ஒரு நாள் தாம்பரம் ஸ்டேஷன் பிளாட்பாரத்தில், "எங்கம்மாகிட்ட உங்களப் பத்திச் சொல்லட்டுமா?" என்றார். நான் சரி என்றேன்.

"இருங்க, முழுசாக் கேட்டுட்டு சரின்னு சொல்லுங்க. எனக்கு ஒம்பது வயசு இருக்கும்போது எங்கப்பா ஒரு பொம்பளையோட ஆந்திராவுக்கு ஓடிட்டாரு. குவாரியில வெடி வைக்கிற வேலை அவருக்கு. பேரு கன்னியப்பன். எங்கம்மா இன்னும் பொட்டு வெச்சுக்கிட்டுதான் இருக்காங்க. எங்க தெருவுல இன்னிக்கும் நான் ஓடிப்போனவன் பையன்தான்."

போனில் ஒரு பழைய போட்டோவைக் காட்டினார். ஒல்லியான ஒருவர் லாரியில் சாய்ந்து சிரித்துக்கொண்டிருந்தார். லாரியின் நெற்றியில் பெயின்ட்டால் 'கிருபா' என்று எழுதியிருந்தது.

"பாத்தீங்களா, உங்க பேருதான்" என்று மோகன் சிரித்தார்.

என்னால் சிரிக்க முடியவில்லை. அது எங்கள் லாரி. நான் பிறந்தபோது அப்பா வாங்கியது. அப்போது அப்பாவும் சித்தப்பாவும் பம்மல் பக்கம் ஒரு கல் குவாரி நடத்தினார்கள். எனக்கு ஏழு வயதாக இருக்கும்போது திடீரென்று எல்லாவற்றையும் மூடிவிட்டுச் சேலையூருக்கு வந்துவிட்டோம். ஏன் என்று நான் கேட்டதே இல்லை.

அன்று மாலை அப்பாவிடம், "கன்னியப்பன்னு யாராவது நம்ம குவாரியில வேலை பாத்தாங்களாப்பா?" என்றேன். கேட்டதும் அப்பா சுவர்ப் பக்கம் திரும்பிப் படுத்துக்கொண்டார். அப்பா போன் பண்ணியிருக்க வேண்டும்; மூன்றாம் நாள், எட்டு மாதமாக எட்டிப் பார்க்காத சித்தப்பா வந்தார். இப்போது அவர் ஜல்லி, மணல் வியாபாரத்தில் பெரிய ஆள்.

"அந்தாளு ஓடிட்டான். அத்தோட விடு கிருபா. உங்கப்பனுக்கு ஊசி குத்தறவன் அவன் புள்ளன்னு விசாரிச்சிட்டேன். தெனம் ரயில்ல தொங்கிகினு வர்றான். பாத்து வரச் சொல்லு" என்று அப்பாவின் காதிலும் விழும்படி சொன்னார்.

ஓடிப்போன ஒருவருக்காக யாரும் இப்படி மிரட்ட மாட்டார்கள். எனக்குப் புரிந்துவிட்டது.

அதன்பின் சென்டருக்கு எதிரே சித்தப்பாவின் வெள்ளைக் கார் அடிக்கடி நின்றது. மோகனிடம் பேசுவதைக் குறைத்தேன். அவர் ரயிலிலிருந்து இறங்கி வந்து சேரும்வரை வாசலையே பார்த்துக்கொண்டிருப்பேன். "நான் ஏதாச்சும் தப்பாச் சொல்லிட்டேனா டீச்சர்?" என்று ஒரு நாள் கேட்டார். தலைவலி என்று சொன்னேன்.

ஒன்றை மறைக்காமல் சொல்கிறேன். முதலில் நான் செய்த ஜெபம், "மோகனுக்கு இது தெரியவே கூடாது ஆண்டவரே" என்பதுதான். அந்த ஜெபத்தை என்னால் ஆமென் சொல்லி முடிக்க முடியவில்லை. கடைசியில் ஒரு காலை, காத்திருக்கும் நாற்காலியில் உட்கார்ந்தபடியே, "என்னால் முடியவில்லை, அப்பாவே சொல்லட்டும்" என்றேன். ஆறு வெள்ளிக்கிழமை உபவாசம் இருந்தேன். ஒன்றும் நடக்கவில்லை. அப்பா இட்லி தின்றார், தூங்கினார். கார் அங்கேயே நின்றது.

ஏழாவது வாரம் வியாழக்கிழமை. பள்ளிக்கு விடுமுறை என்பதால் அப்பாவின் பக்கத்திலேயே இருந்தேன். இரண்டு மணி நேரம் ஆனதும் மெஷின் கத்தியது. அப்பாவுக்குப் பிரஷர் இறங்கிக் கண் மேலே செருகிவிட்டது. மோகன் பாய்ந்து வந்தார். கட்டிலின் தலைப்பக்கத்தைத் தாழ்த்தினார், சலைனைத் திறந்துவிட்டார், கன்னத்தைத் தட்டினார். "அப்பா, கண்ணத் தெறங்க. அப்பா, இங்க பாருங்க. நான் மோகன்."

அப்பா கண்ணைத் திறந்தார். வெகுநேரம் மோகனையே பார்த்தார். பிறகு சொன்னார்: "உங்கப்பன் எங்கயும் ஓடலடா. குவாரியில நாங்கதான் பொதைச்சோம்."

மோகனின் கை அப்பாவின் ரத்தம் ஓடும் குழாயின் மேல் இருந்தது. நான் அந்தக் கையைத்தான் பார்த்துக்கொண்டிருந்தேன். இயேசப்பா என்றுகூட வாயில் வரவில்லை.

மோகன் கையை எடுத்தார். பேசினுக்குப் போய்க் கை கழுவினார். புது கிளவுஸ் மாட்டிக்கொண்டு வந்து மறுபடி பிரஷர் பார்த்தார். மீதி இரண்டு மணி நேரமும் அந்தக் கட்டிலை விட்டு நகரவில்லை. முடிந்ததும் ஊசியை உருவி, பஞ்சை வைத்து, ரத்தம் நிற்கும்வரை தானே அழுத்திப் பிடித்து பிளாஸ்திரி ஒட்டினார். அதன்பிறகுதான் என்னைப் பார்த்தார்.

"உங்களுக்குத் தெரியுமா?"

"ரெண்டு மாசமா சந்தேகம்."

கிளவுஸைக் கழற்றிப் போட்டுவிட்டுப் போய்விட்டார்.

மறுநாள் காலை அப்பாவே சட்டை போட்டுக்கொண்டு, "போலீஸ் ஸ்டேஷனுக்குக் கூட்டிட்டுப் போ" என்றார். கேம்ப் ரோட்டில் எங்கள் ஆட்டோவுக்குக் குறுக்கே அந்த வெள்ளைக் கார் வந்து நின்றது. சித்தப்பா இறங்கி ஆட்டோவின் கம்பியைப் பிடித்துக்கொண்டார்.

"எறங்குண்ணா. உனக்கின்னா, இன்னும் ஆறு மாசம். எனக்குப் பேரப்பசங்க கீறாங்க. இவ பேச்சக் கேட்டு ஆடாத. இவளையும் சும்மா வுட மாட்டேன்."

பின்னால் பஸ்கள் ஹாரன் அடித்தன. நான் கண்ணை மூடிக்கொண்டேன். அப்பாவின் குரல் கேட்டது. கோபமே இல்லாத குரல். "வழிய வுடுடா தம்பி. இருபத்தேழு வருசம் ஆச்சு. ரொம்ப அசதியா கீது."

கண்ணைத் திறந்தபோது சித்தப்பா கம்பியை விட்டிருந்தார். ரோட்டோரமாகப் போய்க் குத்தவைத்து உட்கார்ந்துவிட்டார். யார்மேலும் கை வைக்கத் தயங்காத மனிதர். அந்தக் கை எப்படித் தளர்ந்தது என்று கேட்டால், எனக்கு ஒரே பதில்தான் தெரியும்.

ஸ்டேஷனில்தான் முழுவதையும் கேட்டேன். அனுமதி இல்லாமல் வைத்த வெடி. பாறை சரிந்து கன்னியப்பன் மேல் விழுந்தது. உயிர் இருந்தது. தண்ணீர் கேட்டார். ஆஸ்பத்திரிக்குக் கொண்டு போனால் குவாரி போய்விடும் என்று சித்தப்பா சொன்னார். அப்பா சரி என்றார். மூச்சு நிற்கும்வரை இருவரும் அங்கேயே நின்றிருக்கிறார்கள். பொம்பளையோடு ஓடிப்போன கதையைக் கட்டிவிட்டதும் அப்பாதான். அந்த மனிதர் கையால்தான் நான் சோறு தின்று வளர்ந்தேன். அன்று என்னால் அவர் முகத்தைப் பார்க்க முடியவில்லை. ஆனாலும், உடம்பு நிலையைப் பார்த்துப் போலீஸார் அவரை வீட்டுக்கு அனுப்பிவிட, சனிக்கிழமை டயாலிசிஸுக்கு நான்தான் கூட்டிப்போனேன். வேறு டெக்னீஷியன் ஊசி போட்டார். அப்பா கத்தவில்லை.

அந்தக் குவாரி இப்போது கட்டிட இடிபாடுகளைக் கொட்டி மூடிவிட்ட பள்ளம். ஐந்து நாள் தோண்டினார்கள். கன்னியப்பன் எலும்புகளாகக் கிடைத்துவிட்டார்.

நான் ஊரப்பாக்கம் போனேன். அடித்தாலும் வாங்கிக்கொள்ளலாம் என்றுதான் போனேன். மோகனின் அம்மா வாசலிலேயே நிற்க வைத்தார். அழவில்லை. "எங்க வூட்டுக்காரு ஓடலன்னு நீ எங்க தெருவுல வந்து சொல்லுவியா?" என்றார்.

சொன்னேன். அந்தத் தெருவில் ஒரு வீடு விடாமல் கதவைத் தட்டினேன். "கன்னியப்பன் ஓடிப்போகவில்லை. என் அப்பாவும் சித்தப்பாவும்தான் அவரைச் சாகவிட்டுப் புதைத்தார்கள்." சிலர் திட்டினார்கள். ஒருவர் முகத்தில் அடித்தாற்போல் கதவைச் சாத்தினார். கடைசி வீட்டுக் கதவையும் தட்டிச் சொன்னேன். திரும்பிப் பார்த்தால் தெருமுனையில் மோகன் நின்றிருந்தார். எப்போது வந்தார் என்று தெரியாது. "போதும் டீச்சர், வாங்க" என்றார்.

அப்பா மழைக்காலத்தில் இறந்தார். மோகன் கல்லறைத் தோட்டத்துக்கு வந்து தூரமாக நின்றார். சித்தப்பாமேல் வழக்கு நடக்கிறது. சாட்சிக்கூண்டில் ஏறி நான் சொல்லவேண்டியதைச் சொன்னேன். உறவினர் யாரும் இப்போது எங்கள் வீட்டுப் படி ஏறுவதில்லை.

போன தை மாதம் எனக்கும் மோகனுக்கும் பதிவுத் திருமணம் நடந்தது. மாமியாரே மாலை எடுத்துக் கொடுத்தார். மோகன் நம் சபைக்கு வருவதில்லை. நானும் வற்புறுத்தவில்லை. சில நாள் பேசாமல் சுவரைப் பார்த்தபடி உட்கார்ந்திருப்பார். அப்போது நானும் பக்கத்தில் பேசாமல் உட்கார்ந்துகொள்வேன். எல்லாம் ஒரே நாளில் ஆறிவிடும் என்று நான் உங்களிடம் பொய் சொல்ல மாட்டேன். இன்னும் அசதியாகத்தான் இருக்கிறேன். ஆனால் படுத்தால் தூக்கம் வருகிறது. அதற்கே ஆண்டவரைத் துதிக்கிறேன்.

இதைக் கேட்கிற யார் வீட்டிலாவது இப்படி மூடிவைத்த ஒன்று இருக்கலாம். அது வெளியே வரக்கூடாது என்று ஜெபித்துக்கொண்டிருக்கலாம். நானும் அப்படித்தான் ஜெபித்தேன். அந்த ஜெபத்தை அவர் கேட்கவில்லை, அவருக்கு ஸ்தோத்திரம். சொல்வதற்குப் பெலன் கேளுங்கள். அதை அவர் தருவார். சொல்லிவிட்டு வெளியே வரும்போது நமக்காக யாரையாவது தெருமுனையில் நிறுத்தியும் வைப்பார்.