ஐஸ் தாங்கிய வெள்ளைப் பெட்டி

குவைத்துக்கு வந்த முதல் குளிர்காலத்தில் எனக்கு விளங்காமல் போன காரியம் ஒன்று உண்டு. வாரக் கடைசி வந்தால் போதும், நல்ல கல்வீடு உள்ள குடும்பங்கள் வண்டியேறிப் பாலைவனத்துக்குப் போய், கூடாரம் அடித்து, மணலில் உட்கார்ந்துகொள்கிறார்கள். போகிற வழியில் பெட்ரோல் பங்கில் நிறுத்திப் பை பையாக ஐஸ் வாங்கி ஒரு பெட்டிக்குள் கொட்டிக்கொள்கிறார்கள். பல் கிட்டுகிற குளிரில் ஐஸ்! நம் பக்கத்தில் வெளியே படுப்பவன் வீட்டில் இடமில்லாதவன். இவர்கள் இத்தனை அறைகளைப் பூட்டிவிட்டு வெட்டவெளிக்கு ஓடுகிறார்களே, பிள்ளைகளுக்குச் சளி பிடிக்காதா என்று அவர்களுக்கும் சேர்த்து நான் கவலைப்பட்டேன். கவலைப்படுவது என் சுபாவம். ஏழாம் வகுப்போடு பள்ளிக்கூடத்தை விட்டவன் நான். மற்றவர்கள் படித்துத் தெரிந்துகொள்வதை நான் கவலைப்பட்டே தெரிந்துகொண்டவன். ஐஸ் பெட்டியைப் பற்றியும் அப்படித்தான்.

எண்பதுகளின் நடுவில் அந்தக் கவலையைத் தபாலில் அனுப்பிவைத்தவள் என் மனைவி ஸ்டெல்லா. ஜவ்வாது மலை அடிவாரத்தில் எங்கள் ஊர் மருத்துவமனையில் அவள் நர்ஸ். மாதம் ஒருமுறை நெல்லிவாசல்நாட்டுப் பக்கம் மலையேறி, பிள்ளைகளுக்குப் போலியோ சொட்டு மருந்து கொடுத்துவிட்டு வருவாள். அந்த மருந்துக்குச் சூடு ஆகாது. ஐஸுக்கு நடுவிலேயே இருக்க வேண்டும். ஐஸ் தண்ணீராகிவிட்டால் மருந்தைக் கொட்டிவிட வேண்டியதுதான். ஜீப் போகிறவரைக்கும் போய், அங்கிருந்து இரண்டு மணி நேரம் நடந்தால்தான் மேலூர் என்கிற மலைக்கிராமம் வரும். மருத்துவமனையில் கொடுத்த குடுவையில் இருந்த ஐஸ் பாதி வழியிலேயே தண்ணீராகிவிடும். இரண்டு முறை அப்படி ஆயிற்று. சாமை வயலில் வேலையை விட்டு வந்து நின்ற தாய்மார்களிடம் வெறுங்கையைக் காட்டிவிட்டு இறங்கியிருக்கிறாள். "இன்னொரு முறையும் இப்படி ஆனால் அந்த ஊரைப் பட்டியலிலிருந்து எடுத்துவிடுவோம் என்று பெரிய டாக்டர் சொல்லிவிட்டார். அங்கே உங்கள் ஊர்க்காரர்கள் ஐஸ் பெட்டி வைத்திருப்பதாக எழுதினீர்களே, நல்லதாக ஒன்று வாங்கி வாருங்கள்" என்று எழுதியிருந்தாள். 'உங்கள் ஊர்க்காரர்கள்' என்று அவள் சொன்னது குவைத்துக்காரர்களை!

நல்லது எது என்று எப்படித் தெரியும்? வேலைக்காரர்கள் நாங்கள் தங்கியிருந்த கேம்ப்பில் ஒவ்வொரு ஆளாகக் கேட்டு மூன்று பெட்டிகளை இரவல் வாங்கினேன். தகரத்தில் ஒன்று, பிளாஸ்டிக்கில் ஒன்று, வெறும் தெர்மக்கோலில் ஒன்று. ஒரே அளவு ஐஸைப் போட்டு, வெள்ளிக்கிழமை காலையில் வெயிலில் வரிசையாக வைத்தேன். எது அதிக நேரம் தாங்குகிறது என்று பார்க்க அரைமணிக்கு ஒருதரம் திறந்தேன். பிறகு கால்மணிக்கு ஒருதரம். மெஸ்ஸில் சமையல் பார்க்கும் தஞ்சாவூர் ராஜேந்திரன் வாசலில் வெங்காயம் உரித்துக்கொண்டே இதையெல்லாம் கவனித்துக்கொண்டிருந்தான்.

"ஏம்ப்பா, அடைகாக்குற கோழிகூட இத்தன தடவ எழுந்திரிச்சுப் பாக்காதுப்பா."

"பாக்கலைன்னா எப்படித் தெரியும்?"

"பாத்துப் பாத்துத்தானே உருக்குற! மூணுலயும் தண்ணி. இதுல எது நல்ல தண்ணின்னு குடிச்சுப் பாரு."

மதியத்துக்குள் மூன்றும் தோற்றன. உண்மையில் தோற்றவன் நான்தான். ஆனாலும் சிலது தெரிந்தது. சுவர் தடிமனாக இருக்க வேண்டும். மூடியைச் சுற்றி ரப்பர் பட்டை இருக்க வேண்டும். சில்லு ஐஸைவிட ஒரே பாளமாக இருந்தால் நெடுநேரம் நிற்கும். முக்கியமாக, மூடியைத் திறக்கவே கூடாது. இந்தக் கடைசி விஷயம்தான் என்னை மாதிரி ஆளுக்குக் கஷ்டம்.

பெட்டி வாங்கப் போன இடத்தில் கடைக்காரர் வயதான அரபி. அவருடைய அரைகுறை இந்தியும் என்னுடைய கால்குறை அரபியும் சேர்ந்தால் ஒரு பாஷைகூட முழுதாகாது. நான்கு பெட்டிகளை இறக்கி வைத்தார். தட்டிப் பார்த்தேன், முகர்ந்து பார்த்தேன். அவர் பொறுமையாக, "பிக்னிக்? கம் நஃபர்?" என்றார். எத்தனை பேர் என்று அர்த்தம்.

ஐந்து விரலை விரித்துக் காட்டிப் பக்கத்தில் ஒரு சைபர் வரைந்தேன். "பச்சா. எல்லாம் சின்னப் பச்சா."

"ஐம்பது பிள்ளைகளா? உனக்கா?"

பதற்றத்தில் எதற்கும் தலையாட்டிவிடுவது என் வழக்கம். ஆட்டிவிட்டேன். அவர் எழுந்தே நின்றுவிட்டார். "மாஷா அல்லாஹ்! எத்தனை மனைவி?" ஒரு விரலைக் காட்டினேன். கொஞ்ச நேரம் அந்த ஒற்றை விரலையே பார்த்துக்கொண்டிருந்தார். பிறகு ஸ்டெல்லாவுக்காக வானத்தைப் பார்த்து ஏதோ வேண்டிக்கொண்டு, உள்ளே போய்க் கடையிலேயே பெரிய பெட்டியைத் தூக்கிவந்தார். நல்ல நீளம், இரண்டு முனையிலும் கைப்பிடி, வெள்ளை வெளேரென்று இருந்தது. சிவப்பிலும் ஒன்று இருந்தது. வெள்ளைதான் வெயிலை உள்ளே இழுக்காது என்று சூரியனையும் பெட்டியையும் மாறி மாறிக் காட்டிப் புரியவைத்தார். மூடி இறுக்கமா என்று பார்க்க ஒரு காகிதத்தை இடையில் வைத்து மூடி இழுத்துப் பார் என்றார். சட்டைப் பையில் ஸ்டெல்லாவின் கடிதம்தான் இருந்தது. வைத்து இழுத்தேன். காகிதம் வரவில்லை, கிழிந்தது. மனைவி கடிதம் கிழிந்ததற்குச் சந்தோஷப்பட்ட முதல் புருஷன் நானாகத்தான் இருப்பேன். ஆறு பிளாஸ்டிக் டம்ளர்களை இனாமாகக் கொடுத்து, மூத்த ஆறு பேருக்கு என்று ஜாடை காட்டினார். ஊருக்குப் போகும் சக குவைத்வாசிகளுக்குச் சொல்கிறேன், பெட்டி வாங்கும்போது காகிதத்தை வைத்து இழுத்துப் பாருங்கள். நிறத்தைப் பற்றி மட்டும் கடைக்காரர் பேச்சைக் கேட்காதீர்கள். ஏன் என்பதைச் சொல்கிறேன்.

விடுமுறையில் ஊர் போய்ச் சேர்ந்த அடுத்த வாரமே மலையேறும் நாள் வந்தது. முதல்நாளே பெட்டிக்குள் ஐஸ் போட்டுக் குளிர்வித்தேன். விடிந்ததும் அதை வழித்துக் கொட்டிவிட்டு, ஐஸ் பாக்டரியிலிருந்து மரத்தூளோடு கொண்டுவந்த பாளத்தைக் கழுவி உள்ளே வைத்தேன். மருந்துக் குப்பிகளைப் பிளாஸ்டிக் டப்பாவில் போட்டு பாளத்தின் நடுவில் குடைந்த குழியில் செருகி மூடினேன். அதோடு விட்டிருக்கலாம். வெயில் படுமே என்று நனைத்த வெள்ளை வேட்டியை மேலே போர்த்தினேன். வேட்டி நழுவுமே என்று கயிற்றால் கட்டினேன். முன்கைப்பிடியை ஸ்டெல்லாவின் தம்பி சேவியர் பிடித்தான், பின்கைப்பிடியை நான் பிடித்தேன். ஒரு வாரமாகக் கவலையில் சவரம் செய்யாத முகம் எனக்கு. பின்னால் ஸ்டெல்லா வெள்ளைச் சேலையில், தலைகுனிந்து, குடை பிடித்தபடி வந்தாள். எங்கள் மகள் ஜான்சியைப் பக்கத்து வீட்டில் விட்டுவிட்டு இப்படி நாங்கள் மூன்று பேர் தெருவில் இறங்கினோம்.

முதலில் சைக்கிளில் வந்த ஒருவர் இறங்கி நின்றார். டீக்கடை பெஞ்சில் இருந்தவர்கள் எழுந்து தோள்துண்டைக் கையில் எடுத்தார்கள். ஒருவர் சிலுவை போட்டுக்கொண்டார். குவைத்திலிருந்து வந்தவனுக்கு இவ்வளவு மரியாதையா என்று எனக்குக் கூச்சமாக இருந்தது. ஜீப் நிற்கும் இடத்துக்கு வந்தபோதுதான் விஷயம் உடைந்தது.

"யாரு வூட்டுக் கொழந்தைங்க?" என்றார் ஜீப்காரர், குரலைத் தாழ்த்தி.

எனக்கு அப்போதுதான் உறைத்தது. எங்கள் அடிவாரத்தில் கிறிஸ்தவக் குடும்பங்கள் அதிகம். பிள்ளை தவறிவிட்டால் வெள்ளைப் பெட்டியில்தான் கொண்டுபோவோம். சந்தைக்கு இறங்கிவரும் மலைக்காரர்களும் பார்த்திருக்கிறார்கள். உலகத்தில் எத்தனையோ நிறம் இருக்க, நான் தேடித் தேடி வெயிலுக்கு நல்லது என்று வாங்கிவந்தது இதை.

"அய்யோ, ஐஸ்ங்க. உள்ள ஐஸ்தான்" என்றேன்.

"ஐஸ் வச்சித்தாங்க எடுத்துக்கினு போவாங்க. பாவம்தான். ஆனா வண்டில ஏத்தினா மத்தவங்க எறங்கிப் போய்டுவாங்க."

"இல்லைங்க, மருந்துங்க!"

"அப்ப தொறந்து காட்டுங்க."

ஜீப்பில் ஏற்கெனவே உட்கார்ந்திருந்த எட்டுப் பேரும் கழுத்தை நீட்டினார்கள். திறந்தால் நம்புவார்கள், ஐஸ் போகும். திறக்காவிட்டால் ஐஸ் நிற்கும், நாங்களும் இங்கேயே நிற்க வேண்டும். ஒருமுறை திறந்தால் ஒன்றும் ஆகாது என்று நினைத்து என் கை கயிற்று முடிச்சுக்குப் போய்விட்டது. உண்மையைச் சொன்னால், ஐஸ் எப்படி இருக்கிறதோ என்று எனக்கே பார்க்க வேண்டும்போல இருந்தது.

"கைய எடுங்க" என்றாள் ஸ்டெல்லா. குடையை மடக்கி என்னிடம் கொடுத்தாள். சேலையை ஒதுக்கிக்கொண்டு, எல்லோரும் பார்க்கப் பெட்டியின் மேல் சம்மணம் போட்டு உட்கார்ந்தாள். சேவியர் பக்கம் கையை நீட்டி, "டேய், அந்த இட்லிப் பொட்டலத்தக் குடு" என்றாள். வாழையிலையைப் பிரித்து ஒரு வாய் போட்டுக்கொண்டு ஜீப்காரரைப் பார்த்தாள். "பொணத்து மேல குந்திக்கினு யாராவது இட்லி துன்னுவாங்களா, அண்ணே?"

ஜீப்காரர் யோசித்தார். வண்டியில் இருந்த ஒருவர், "துன்ன மாட்டாங்கபா. அதுவும் சட்னியோட" என்றார். ஜீப் கிளம்பியது. ஸ்டெல்லா வழியெல்லாம் அந்த மூடியைவிட்டு இறங்கவில்லை. ரப்பர் பட்டைக்கு மேல் அவள் பாரமும் சேர்ந்தது.

ஜீப் இறக்கிவிட்ட இடத்திலிருந்து ஒற்றையடிப் பாதை. நூறடிக்கு ஒருதரம் நான் மூச்சு வாங்க நின்றேன். நிற்கும்போதெல்லாம் காதை மூடியில் வைத்தேன், உள்ளே தண்ணீர் சலசலக்கிறதா என்று. சலசலத்தது.

"ஸ்டெல்லா, கொஞ்சூண்டு தூக்கிப் பாத்துட்டு..."

"தொறந்தீங்கன்னா நான் இப்டியே எறங்கிப் போய்டுவேன்."

"மாமா, அங்க அரபிக்காரன்கிட்டயும் இப்டித்தான் பயப்படுவீங்களா, இல்ல இங்க மட்டுமா?" என்றான் சேவியர்.

பாதி ஏறியதும் எனக்கு இன்னொரு கவலை. ஐஸே இருந்தாலும் ஆள் இருக்குமா? இரண்டு முறை ஏமாந்த தாய்மார்கள் மூன்றாம் முறையும் வேலையை விட்டு வருவார்களா? ஸ்டெல்லாவும் அதையே நினைத்துத்தான் வேகமாக நடந்தாள்.

கடைசி வளைவைத் தாண்டியபோது ஊரே பாதையில் நின்றிருந்தது. ஆண்கள் தலைப்பாகையை அவிழ்த்திருந்தார்கள். பெண்கள் இடுப்பில் ஒன்றும் கையில் ஒன்றுமாகப் பிள்ளைகளோடு வந்திருந்தார்கள். எங்களைப் பார்த்ததும் முன்னால் நின்ற ஒரு பெண் வாயைப் பொத்திக்கொண்டு அழ ஆரம்பித்தாள், மற்றவர்கள் சேர்ந்துகொண்டார்கள். மேட்டிலிருந்து வெகுநேரமாக எங்களைக் கவனித்திருக்கிறார்கள். வெள்ளைப் பெட்டி, இரண்டு ஆண்கள், பின்னால் வெள்ளைச் சேலையில் நர்ஸம்மா. முன்பு விடுமுறை நாட்களில் ஸ்டெல்லா ஜான்சியையும் மலைக்குக் கூட்டிவந்து காட்டியிருக்கிறாள். அவளுக்குத் தேன் கொடுத்து அனுப்பியவர்கள் இவர்கள். "நர்ஸம்மா கொழந்தைக்கு இன்னாமோ ஆய்டுச்சி" என்று ஒருவர் சொல்ல, அறுப்பை அப்படியே போட்டுவிட்டு ஊர் முழுக்க வந்துவிட்டது.

கீழே நல்லபடியாக விளையாடிக்கொண்டிருக்கும் என் மகளுக்காக, நான் பெயர்கூட அறியாத மனிதர்கள் இங்கே அழுகிறார்கள். அழாதீர்கள் என்று சொல்ல வாயெடுத்து, நானே அழுதுவிட்டேன். அது காரியத்தை இன்னும் கெடுத்தது.

ஸ்டெல்லா பெட்டியை இறக்கச் சொல்லி, மறுபடியும் அதன்மேல் உட்கார்ந்தாள். "ஜான்சி நல்லா கீறா. வூட்டுல கீறா. இது மருந்து."

அழுகை சட்டென்று நின்றது. முதலில் அழுத பெண் கண்ணைத் துடைத்துக்கொண்டு கிட்டே வந்தாள். "இன்னாம்மா நீ! நாங்க அறுப்ப வுட்டுட்டு அழுவ வந்தா, நீ பொட்டி மேல குந்திக்கினு கீற!"

"மருந்துக்குன்னு கூப்ட்டா வந்திருப்பீங்களா?"

"வந்திருக்க மாட்டோம்" என்றாள் அவள். பிறகு என்னைக் காட்டி, "அப்ப இவரு எதுக்கு அழுவுறாரு?" என்றாள்.

"அவரு அப்டித்தான்" என்றாள் ஸ்டெல்லா.

ஊர் சிரித்தது. அந்தச் சிரிப்பு அடங்குவதற்குள் அவள் கயிற்றை அவிழ்த்து மூடியைத் திறந்தாள். நான் கண்ணை மூடிக்கொண்டேன். சேவியர்தான் சொன்னான், "மாமா, பாதிக்கு மேல கீது மாமா." பாளம் ஓரங்கள் உருண்டு, நடுவில் கனமாக, குப்பிகளைக் கட்டிக்கொண்டு நின்றது. வந்த பிள்ளைகளில் ஒருவர் விடாமல் வாயைத் திறந்தார்கள். மருத்துவமனையின் பட்டியலில் ஊர் நின்றது.

விடுமுறை முடிந்து நான் திரும்பிவிட்டேன், பெட்டி அங்கேயே இருக்கிறது. வெள்ளை நிறத்தின் மேல் சேவியர் பச்சை பெயிண்ட் அடித்துவிட்டான். சில மாதம் கழித்து ஸ்டெல்லா எழுதினாள். மலையில் பெட்டிக்கு 'குவைத்து' என்று பெயர் வைத்துவிட்டார்களாம். மேட்டில் நின்று பிள்ளைகள் "குவைத்து வருது" என்று கத்துகிறார்களாம். என்னை யாராவது விசாரித்தார்களா என்று எழுதிக் கேட்டேன். பதில் வந்தது: "ஒருத்தி கேட்டாள். குவைத்தை ஒரு பக்கம் தூக்கிக்கொண்டு, மூச்சு வாங்கிக்கொண்டு ஒருத்தர் வந்தாரே, அவர் எந்த ஊர் என்று. இங்கே அடிவாரம்தான் என்றேன். நம்பவில்லை."

கடிதத்தின் ஓரத்தில் இடம் போதாமல் இன்னும் இரண்டு வரி பொடிசாக எழுதியிருந்தாள். தரையில் வைத்தால் எறும்பு ஏறுகிறது என்று பெட்டியை இப்போது என் கட்டிலில்தான் வைக்கிறாளாம். கேம்ப்பில் இரும்பு அடுக்குக் கட்டிலின் மேல்தட்டில், கூரைத் தகரம் தலையில் இடிக்காமல் சாய்ந்து படுத்து இதைப் படித்தேன். எட்டிப்பார்த்தால் ஜன்னலில் குவைத்து வெயிலில் காய்கிறது. எங்கள் வீட்டில், என் கட்டிலில், மூடி இறுகச் சாத்திக்கொண்டு, அந்த இன்னொரு குவைத்து காலை நீட்டிப் படுத்திருக்கிறது.