"என் பெயரையும் பதியுங்கள்" என்றவர்

ஐயா காலமாகிய முப்பத்தோராம் நாளன்று இந்நினைவு மலரைக் கையில் வைத்திருக்கும் உறவுகளுக்கும் நண்பர்களுக்கும் வணக்கம். ஒரே மகள் என்பதால் இதை எழுதும் கடமை எனக்கு வந்தது. எதையாவது விட்டுவிடுவேனோ, பிழையாக எழுதிவிடுவேனோ என்று நான்கு முறை கிழித்துவிட்டு எழுதினேன். குறை இருந்தால் பொறுத்துக்கொள்ளுங்கள்.

ஐயா பருத்தித்துறையில் ஒரு கடைக்காரரின் மூன்றாவது மகனாகப் பிறந்தார். உலகப் போர் மூண்டபோது பிரித்தானியப் படையில் லொறிச் சாரதியாகச் சேர்ந்து எகிப்துப் பாலைவனத்துக்குப் போனார். ஐந்து ஆண்டுகள் அங்கே படையில் இருந்து, சண்டை நடந்தவரை போர்முனைக்குத் தண்ணீர் ஏற்றினார். குண்டுச் சிதறல் பட்டு இடக்கையின் இரண்டு விரல்கள் பிறகு மடங்கவே இல்லை.

அவர் ஊர் திரும்பியபோது, கூடப் போய்த் திரும்பாதவர்களின் வீடுகளுக்கு ஒரு கடிதம்கூட வந்திருக்கவில்லை. எங்கே புதைத்தார்கள் என்றாவது சொல்லுங்கள் என்று அந்தக் குடும்பங்களுக்காக ஐயா மனு எழுதத் தொடங்கினார். பதில் வரும்வரை விடமாட்டார். அதனால்தான் மக்கள் அவரைக் கிராமச் சபைக்கு அனுப்பினார்கள். பின்னர் பாராளுமன்ற உறுப்பினர்கள் அவரை அன்றிருந்த மேலவையான செனற் சபைக்குத் தெரிவுசெய்தார்கள்.

சபையில் ஐயா அதிகம் பேசியவர் அல்லர். ஆனால் தமக்கு நியாயமாகப் படாத சட்டம் நிறைவேறும்போது எழுந்து நின்று, "எதிராக என் பெயரையும் பதியுங்கள்" என்பார். ஒருநாள் கட்சிப் பெரியவர் ஒருவர் வழிமறித்து, "தோக்கப்போற வாக்குக்கு ஏன் காணும் எழும்பி நிக்கிறீர்?" என்று கேட்டாராம். "பிறகு ஒருத்தன் தேடிப் பாத்தால் பேர் இருக்கவேணுமெல்லோ" என்றாராம் ஐயா. அம்மா இதைச் சொல்லிச் சொல்லிச் சிரிப்பார். அடுத்த முறை கட்சி அவரை நிறுத்தவில்லை. ஐயா ஊருக்கு வந்து லொறி ஓட்டினார். 'செனற்றரின்ரை லொறி' என்றால் எல்லோருக்கும் தெரியும்.

அம்மா காலமாகி, வீடும் குண்டுவீச்சில் போன பின்னர் ஐயா பேர்லினுக்கு எங்களிடம் வந்தார். அவர் எங்களோடு தங்குவதற்கு அனுமதி கேட்டு விண்ணப்பித்தோம். படிவத்தை நான்தான் நிரப்பினேன். அனுமதி கிடைக்காவிட்டால் அவரைத் திருப்பி அனுப்பிவிடுவார்கள். அங்கே அவரைப் பார்க்க ஒருவரும் இல்லை. அந்தப் பயத்தில் கைக்குழந்தையை மடியில் வைத்துக்கொண்டு ஒவ்வொரு வரியையும் மூன்று முறை வாசித்தேன்.

"பிள்ளை, இது என்ன கேள்வி?" என்று ஐயா விரலை வைத்தார்.

"படையில இருந்தனீங்களோ எண்டு கேக்கினம், ஐயா. இல்லை எண்டு போட்டிருக்கிறன்."

"ஏன்?"

"எங்கட ஆக்கள் படையில இருந்தவை எண்டாலே இவை இப்ப சந்தேகப்படுவினம். அதோட நீங்கள் நிண்டது இந்த ஜேர்மன்காரருக்கு எதிராயெல்லோ!"

"அப்ப நான் அஞ்சு வருசம் மணல் பாக்கவே போனனான்?"

என் கணவர் சமையலறையிலிருந்து, "மாமா, செனற் சபையை மூடி எவ்வளவு காலம்! நீங்கள் இன்னும் எதிர்த்து வாக்குப் போடுறியள்" என்றார். ஐயாவும் சிரித்தார். ஆனால் பேனாவை வாங்கி 'இல்லை'யை வெட்டி, 'ஆம்' என்று எழுதி, பக்கத்தில் கையெழுத்தும் வைத்தார். எனக்கு அழுகை வந்துவிட்டது.

வெளிநாட்டவர் அலுவலகத்தில் அதிகாரியான அம்மையார் அந்த வெட்டலைப் பார்த்தார். படிவத்தோடு உள்ளே போனார். அரை மணித்தியாலம். பிள்ளை அழுதாள். எல்லாம் முடிந்தது என்று நினைத்தேன். ஐயா மடங்காத விரல்களால் அவளுக்குத் தாளம் போட்டுக்கொண்டிருந்தார்.

அம்மையார் திரும்பி வந்தபோது கையில் ஒரு தடித்த கோப்பு இருந்தது. அது பல ஆண்டுகளுக்கு முன் நான் தஞ்சம் கேட்டபோது கொடுத்த வாக்குமூலம். அதில் தகப்பன் முன்னாள் படைச் சாரதி, முன்னாள் செனற்றர் என்று நானே சொல்லியிருந்தேன். அதை அடியோடு மறந்துவிட்டேன். இரண்டும் ஒத்திருக்கின்றன என்றார் அவர். நான் எழுதிய 'இல்லை' அப்படியே இருந்திருந்தால், எங்கள் இருவரில் ஒருவர் பொய்யர் ஆகியிருப்பார்.

இரண்டு மாதத்தில் அனுமதி வந்தது. கடிதத்தை வாசித்துக் காட்டியபோது, "அந்தப் படிவத்தின்ரை கொப்பி ஒண்டு இருக்கோ?" என்று மட்டும் கேட்டார். அதைத் தம் செனற் சபைக் காகிதங்களோடு சேர்த்து வைத்தார். பேத்தி வளர்ந்ததும் மூன்று ஆண்டுகள் அவளைக் கைபிடித்துப் பாலர் பாடசாலைக்குக் கூட்டிச் சென்றார். கடைசியில் மூன்றே நாள்தான் ஆசுப்பத்திரியில் இருந்தார், நோவில்லாமல் போனார்.

அந்த நாட்களில் பிள்ளையைப் பார்த்துக்கொண்ட கீழ்வீட்டு ஜேர்மன் அம்மா, சமைத்துக் கொண்டுவந்த அயலவர்கள், வேலையை விட்டுவிட்டு வந்து பெட்டியைத் தூக்கிய கணவரின் நண்பர்கள், கிரியைகளை நடத்திய குருக்கள், தொலைபேசியில் எங்களோடு அழுத ஊர் உறவுகள் அனைவருக்கும் எங்கள் குடும்பத்தின் நன்றி.

இறப்பைப் பதியப் போனபோது அங்கும் ஒரு படிவம் தந்தார்கள். தொழில் என்ற இடத்தில் ஓய்வூதியர் என்று போட்டால் போதும் என்றார்கள். படைவீரர், லொறிச் சாரதி, செனற்றர் என்று ஒரு வெட்டலும் இல்லாமல் எழுதினேன். கீழே என் பெயரையும் பதிந்தேன்.