செவலையைத் தேடிப் போன நாள்

அக்காவின் கோழிகளைப் பிடித்தது எங்கள் வீட்டுக் கருப்பு நாய்தான். அது எனக்கு அன்றைக்கே தெரியும். காப்பிச் செடிகளுக்கு நடுவே வாயெல்லாம் இறகாக அது படுத்திருந்ததை நான் பார்த்தேன். விரட்டிவிட்டு, இறகுகளைக் கூட்டி அள்ளி எருக்குழியில் போட்டு மண்ணைத் தள்ளினேன். அக்கா வந்து கேட்டால் சொல்லிவிடலாம் என்று மனதுக்குள் சொல்லிக்கொண்டேன்.

அக்கா கேட்கவே இல்லை.

அக்கா என்று நான் கூப்பிடுவது எங்களுக்கு அடுத்த காட்டுக்காரரை. அரியூர் நாடு என்கிற எங்கள் மலைப்பகுதியிலேயே பிறந்து வளர்ந்தவர். கணவர் தவறிவிட்டார், மகளை இதே மலையில் பைல் நாட்டுப் பக்கம் கட்டிக்கொடுத்துவிட்டுத் தனியாக மரவள்ளியும் சாமையும் பயிரிடுகிறார். நான் அடிவாரத்திலிருந்து வாழ்க்கைப்பட்டு மேலே வந்தவள். கல்யாணமான புதிதில் இந்த மலைக்குளிரில் நான் அழுதுகொண்டிருந்தபோது வந்து அடுப்பு மூட்டிக் கொடுத்தவர் அவர்தான். அவருக்கு ஒரு செவலை நாய் இருந்தது. காட்டுப்பன்றி கிழங்கைத் தோண்ட வந்தால் அதுதான் குரைத்து விரட்டும்.

அந்தச் செவலை, செத்துக் கிடந்த அடைக்கோழியை முகர்ந்துகொண்டு நின்றதை அக்கா பார்த்துவிட்டார். வேறென்ன நினைப்பார்? “ஊட்டுக் கோழியையே தின்னுட்டு நிக்குது கண்ணு, இனி இத வெச்சுக்க முடியாது” என்று வேலியோரமாக வந்து என்னிடமே சொன்னார். நான் “அப்படிங்களா” என்றேன். மறுநாள் வாழைத்தார் ஏற்றிப் போகும் பிக்கப் வண்டியில் நாயைக் கட்டிக் கீழே அனுப்பிவிட்டார். சோறு போடுகிறவர்கள் யாரிடமாவது விட்டுவிடு என்று டிரைவரிடம் சொன்னாராம். வண்டி எங்கள் வாசல் வழியாகத்தான் போனது. நான் துணி அலசிக்கொண்டிருந்தேன். அலசுவதை நிறுத்தவில்லை.

என் கணவரிடம் மட்டும் சொன்னேன். “நாய்தானே, விடு. இப்பப் போய்ச் சொன்னா ரெண்டு ஊட்டுக்கும் மனஸ்தாபம்தான் மிச்சம்” என்றார்.

ஜெபத்தில் ஆண்டவரிடம் மன்னிப்புக் கேட்டேன். ஒரு தடவை அல்ல, தினமும் கேட்டேன். கேட்டு முடித்ததும் லேசாக இருக்கும். காலையில் வேலிக்கு அந்தப் பக்கம் அக்காவின் குரல் கேட்டதும் கையிலிருந்த வேலையைப் போட்டுவிட்டு வீட்டுக்குள் போய்விடுவேன். ஆண்டவரிடம் கேட்பது எனக்கு எளிதாக இருந்தது. அவர் எதிரில் நின்று என் முகத்தைப் பார்ப்பதில்லை. அதனால்தான் திரும்பத் திரும்ப அவரிடமே கேட்டுக்கொண்டிருந்தேன்.

ஒரு மத்தியானம் அக்கா வந்து எங்கள் வாசற்படியில் உட்கார்ந்தார். அவர் எங்கள் சபைக்கு வருகிறவர் இல்லை. ஆனால் காய்ச்சல், தலைவலி என்றால் என்னை ஜெபிக்கச் சொல்வார்.

“கண்ணு, உன் சாமிகிட்ட ஒண்ணு கேளேன்.”

“என்னங்க அக்கா?”

“அந்த நாய்க்கு எவனாச்சும் சோறு போடணும்னு கேளு. தப்பே பண்ணியிருந்தாலும் எங்கூடவே கெடந்த சீவன். எனக்குச் சோறு எறங்க மாட்டேங்குது.”

சொல்லிவிட்டு, என்னைப் போலவே கை கூப்பிக் கண்ணை மூடிக்கொண்டார். நானும் மூடினேன். “ஆண்டவரே” என்று சொன்னேன். அடுத்த வார்த்தை வரவில்லை. மறுபடி “ஆண்டவரே” என்றேன். அதோடு நின்றது. கண்ணைத் திறந்தேன். அக்கா கண் மூடியபடி காத்திருந்தார்.

“அக்கா, கோழியப் புடிச்சது உங்க நாய் இல்லீங்க. எங்களுது.”

அவர் மெதுவாகக் கண்ணைத் திறந்தார். “எப்பத் தெரியும்?”

“அன்னிக்கேங்க.”

“வண்டியில ஏத்துறப்பவும் தெரியுமா?”

“தெரியுமுங்க.”

அக்கா எழுந்து சேலையை உதறிக்கொண்டார். வாசல் படல் வரை போய்த் திரும்பினார். “கோழி போனாப் போவுது. வாயில்லாத சீவன என் கையாலயே கட்டி ஏத்த வெச்சிட்டியே கண்ணு” என்று சொல்லிவிட்டுப் போய்விட்டார்.

சொல்லிவிட்டால் பாரம் இறங்கிவிடும் என்று நினைத்திருந்தேன். இறங்கவில்லை, கூடத்தான் செய்தது. அன்று சாயங்காலம் ஜெபிக்க உட்கார்ந்தபோது மன்னிப்பைப் பற்றி எதுவும் கேட்கத் தோன்றவில்லை. நாயைத் தேடிப் போக வேண்டும் என்ற ஒன்றுதான் தெளிவாகத் தெரிந்தது. பிக்கப் டிரைவருக்குப் போன் போட்டு, எங்கே விட்டார் என்று விசாரித்துக்கொண்டேன். விடிந்ததும் அக்கா வீட்டுக்குப் போனேன்.

“கீழ போயித் தேடிப் பாக்குறேனுங்க.”

அக்கா கிழங்கின் தோலைச் சீவிக்கொண்டே இருந்தார். கடைசியில் கத்தியைக் கீழே வைத்தார். “உன்னைக் கண்டா அது வருமா? இரு, நானும் வாரேன்.”

பஸ்ஸில் எனக்கு முன் சீட்டில் தனியாக உட்கார்ந்துகொண்டார். கொண்டை ஊசி வளைவுகளில் அவருக்குத் தலை சுற்றியது. எலுமிச்சம்பழத்தை நீட்டினேன். திரும்பிப் பார்க்காமலேயே வாங்கிக்கொண்டார்.

டிரைவர் சொன்னது அடிவாரத்தில் ஒரு தென்னந்தோப்பு. அங்கிருந்த அம்மா, “அந்த நாயிங்களா? அன்னிக்கே கவுத்தக் கடிச்சிட்டு ஓடிப்போச்சுங்க” என்றார். அக்கா அப்படியே வரப்பில் உட்கார்ந்துவிட்டார். பிறகு நாங்கள் வீதி வீதியாக, டீக்கடை டீக்கடையாகக் கேட்டுக்கொண்டு நடந்தோம். கீழே வெயில் கொளுத்தியது. நாயைப் பார்த்ததாக யாரும் சொல்லவில்லை. ஒரு புளியமரத்தடியில் நின்று அக்கா சொன்னார்: “இப்பக் கேளு, உன் சாமிகிட்ட.”

ரோட்டோரத்திலேயே கண்ணை மூடினேன். “ஆண்டவரே, தப்பு என்னுடையது. எங்களால் முடியவில்லை. நீர் பார்த்துக்கொள்ளும்.” அவ்வளவுதான் வந்தது. கிடைக்கும் என்ற நம்பிக்கையோடு ஜெபித்தேன் என்று சொன்னால் பொய். கையில் வேறு எதுவும் மிச்சமில்லாததால் அவர் கையில் கொடுத்தேன். கொடுத்தபின் ஏனோ மூச்சு சீராக வந்தது.

திரும்பும் பஸ் மலை ஏறுவதற்கு முன் காரவள்ளியில் கொஞ்ச நேரம் நின்றது. அக்கா ஜன்னல் வழியாகப் பார்த்தவர், சடக்கென்று எழுந்து ஆட்களைத் தள்ளிக்கொண்டு இறங்கினார். நானும் பின்னால் ஓடினேன். பெட்டிக்கடை பெஞ்சுக்கு அடியில் செவலை படுத்திருந்தது. விலா எலும்பு தெரிந்தது. கழுத்தில் அறுந்த கயிறு. அக்காவைக் கண்டதும் முதலில் பயந்து ஒடுங்கியது. “வா சாமி” என்றதும் வயிற்றைத் தரையில் தேய்த்துக்கொண்டே வந்து காலடியில் புரண்டது.

கடைக்காரர் சொன்னார்: “மலைக்குப் போற வண்டி பின்னாலயே ஓடுமுங்க. கொஞ்ச தூரம் போயிட்டு, முடியாமத் திரும்பி வந்துரும். நாந்தான் பன்னு போட்டுட்டிருந்தேன்.”

அக்கா ரோட்டிலேயே உட்கார்ந்து அதைக் கட்டிக்கொண்டு, “தப்பு பண்ணிட்டேன் சாமி, தப்பு பண்ணிட்டேன்” என்று அழுதார். நான் செய்த தப்புக்கு அவர் மன்னிப்புக் கேட்டுக்கொண்டிருந்தார். நானும் பக்கத்தில் உட்கார்ந்து அழுதேன்.

நாயை ஏற்றக்கூடாது என்று கண்டக்டர் சொல்லிவிட்டார். பஸ் போய்விட்டது. அரிசி மூட்டை ஏற்றி வந்த ஒரு டெம்போக்காரர் இரக்கப்பட்டு ஏற்றிக்கொண்டார். மூட்டைகள் மேல் மூன்று பேரும் உட்கார்ந்து வந்தோம். பாதி மலை ஏறியதும் குளிர்ந்த காற்று வந்தது. காலையிலிருந்து சாப்பிடவில்லை என்பது அப்போதுதான் உறைத்தது. கடையில் வாங்கிய பன்னை அக்கா பிய்த்து நாய்க்குக் கொடுத்தார். இன்னொரு துண்டை என்னிடம் நீட்டினார்.

“மன்னிச்சிருங்க அக்கா.”

“மொதல்ல உன் நாயக் கட்டிப் போடு” என்றார். சொன்ன வேகத்தில் அவருக்கே சிரிப்பு வந்துவிட்டது. நானும் சிரித்தேன். எவ்வளவு நாளாக நான் சிரிக்கவில்லை என்று யோசித்தேன். “நன்றி ஆண்டவரே” என்று வாய்விட்டே சொன்னேன். அக்கா தலையை ஆட்டினார்.

அடுத்த வாரமே எங்கள் கோழிகளில் நல்லதாகப் பார்த்து அக்கா வீட்டில் கொண்டுபோய் விட்டேன். என் கணவர், யாரும் சொல்லாமலேயே, இரண்டு காட்டுக்கும் நடுவில் வேலியை இறுக்கிக் கட்டினார். ஆனாலும் அக்கா முன்போல உடனே பேசிவிடவில்லை. கேட்டதற்கு மட்டும் பதில் சொல்வார். எனக்கு அது வலித்தது; ஆனால் பயமாக இல்லை. மறைக்க எதுவும் இல்லாத முகத்தோடு அவர் முன் நிற்க முடிந்ததே பெரிய நிம்மதியாக இருந்தது. மீதியை ஆண்டவர் தம் நேரத்தில் செய்யட்டும் என்று விட்டுவிட்டேன்.

தை மாதம், மரங்களில் படர்ந்திருந்த எங்கள் மிளகைப் பறிக்கத் தொடங்கிய அன்று காலை, கூப்பிடாமலேயே அக்கா கூடையோடு வந்து நின்றார். “எந்த மரத்துல ஏணியப் போடறது?” என்று கேட்டார்.